வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றச் செய்த வண்டி போருக்குப் போன கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

திருகோணமலையில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதை நம்மில் பலர் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே போர் பசிபிக் சமுத்திரத்தில் எப்படி நடந்தது என்பதை வகுப்பில் விரிவாகச் சொல்லப் பாடவேளை போதாது. ஹவாய், ஹிரோஷிமா என்று இரண்டு பெயரோடு முடிந்துவிடும். இடையில் கடலுக்கும் கரைக்கும் நடுவே ஓடிய ஒரு வண்டியின் கதை இருக்கிறது. அதைப் பரீட்சித்துப் பார்த்த மரைன் படையினர் ஒருவரின் நினைவுகளும் இருக்கின்றன. அந்தக் கதை போரில் தொடங்கவில்லை, வெள்ளத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒக்கீச்சோபீ என்று ஒரு பெரிய ஏரி. 1928 செப்டெம்பர் 16 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியில் அந்த ஏரியின் தெற்குப் பக்க அணைக்கட்டு உடைந்தது. குறைந்தது 2,500 பேர் மௌத்தானார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் வயல்களில் கூலி வேலைக்கு வந்த கறுப்பின மக்கள். வெள்ளையருடைய உடல்களுக்குப் பெட்டி கிடைத்தது. வெஸ்ட் பாம் பீச் நகரில் மட்டும் 674 கறுப்பினத்தவரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பல்லாண்டு காலம் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல்கூட இருக்கவில்லை. ஜனாஸா ஒன்றைக் கண்ணியமாக அடக்குவது எவ்வளவு பெரிய விடயம் என்று அறிந்த நமக்கு இதை வாசிக்கும்போது மனம் கனக்கிறது.

அந்தப் பகுதியில் வசித்த ஜோன் ரோப்ளிங் என்ற செல்வந்தர் இந்த அழிவுகளைப் பார்த்தார். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய பொறியியலாளர் குடும்பம் அது. சேற்று நிலத்தில் வள்ளம் தரைதட்டி நின்றுவிடுகிறது. லொறி வந்தால் தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிடுகிறது. வள்ளம் போக முடியாத, வண்டியும் போக முடியாத அந்த இடைப்பட்ட இடத்தில்தான் மக்கள் சாகிறார்கள். அங்கே போகக்கூடிய ஒன்றைச் செய்ய முடியுமா என்று தன் மகன் டொனால்ட் ரோப்ளிங்கிடம் கேட்டார்.

அந்த இடைப்பட்ட இடம் எது என்று அம்பாறை, மட்டக்களப்பு மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் நம்மிடம் இருப்பது உழவு இயந்திரமும் பெட்டியும்தான். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்துக்கு நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. உழவு இயந்திரம் தண்ணீரில் மிதக்காது. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அதன் பாரமே அதைக் காப்பாற்றாது.

டொனால்ட் ரோப்ளிங் 1933 இல் வேலையைத் தொடங்கினார். 1935 இல் முதல் வண்டி வந்தது. அலுமினியத்தால் செய்த பெட்டி. இரண்டு பக்கமும் பெக்கோ இயந்திரத்துக்கு இருப்பதுபோல செயின். செயினில் சிறு துடுப்புகள்போலத் தகடுகள். தரையில் அந்தச் செயின் மண்ணைப் பிடித்து நகர்த்தும். தண்ணீரில் அதே தகடுகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னுக்குக் கொண்டுபோகும். தனியாகப் புரொப்பெல்லர் கிடையாது. யோசனை நல்லது, ஆனால் முதல் வண்டி தரையில் மணிக்கு 25 மைல் ஓடியது, தண்ணீரில் வெறும் 2.3 மைல்தான். ஒரு மனிதன் நடந்து போகிற வேகம்கூட இல்லை.

அவர் விடவில்லை. வண்டியைக் குட்டையாக்கினார், பாரத்தைக் குறைத்தார், துடுப்புத் தகடுகளை வளைத்துச் சாய்வாக வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தண்ணீரில் இறக்கினார். 1937 இல் தண்ணீரில் 8.6 மைல் வேகம் வந்தது. இரண்டு வருடத்தில் மூன்றரை மடங்குக்கு மேல். முதலை என்ற பொருளில் அதற்கு 'அலிகேட்டர்' என்று பெயர் வைத்தார்.

1937 ஒக்டோபர் 4 ஆம் திகதி 'லைஃப்' சஞ்சிகையில் இந்த வண்டியின் படங்கள் வந்தன. கடற்படை அட்மிரல் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, விருந்து ஒன்றில் மரைன் படையின் ஜெனரல் ஒருவரிடம் காட்டினார். அந்த ஒரு பக்கம்தான் வண்டியின் தலைவிதியை மாற்றியது.

மரைன் படைக்கு அப்போது ஒரு பெரிய கவலை இருந்தது. ஜப்பானோடு போர் வந்தால் பசிபிக் தீவுகளில் இறங்க வேண்டும். அந்தத் தீவுகளைச் சுற்றி முருகைக்கல் பாறை. சாதாரணப் படகு பாறையில் தட்டி நின்றுவிடும். பாறையிலிருந்து கரைவரை சிப்பாய் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், சுடப்பட்டுக்கொண்டே. ஏரிக்கரைச் சேற்றில் ரோப்ளிங் கண்ட அதே இடைவெளிதான். அவர் அதில் காப்பாற்றப்பட வேண்டிய ஆட்களைக் கண்டார், மரைன்கள் பிடிக்க வேண்டிய கரையைக் கண்டார்கள். 1938 மார்ச்சில் மேஜர் ஜோன் காலுஃப் என்பவர் புளோரிடாவுக்குப் போய் வண்டியைப் பார்த்துப் படச்சுருளில் பிடித்துவந்தார். பணம் இல்லை என்று மேலிடம் கையை விரித்தது. ரோப்ளிங்குக்கும் ஆரம்பத்தில் இதைப் போர் வண்டியாக்கப் பெரிய விருப்பம் இருக்கவில்லை. 1939 இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் நிலைமை மாறியது. பிரிகேடியர் ஜெனரல் எமில் மோசஸ் நேரில் போய்ப் பேச, அவர் சம்மதித்தார்.

இனி அந்தப் பரீட்சார்த்தக்காரரிடம் வருவோம். பெயர் விக்டர் க்ருலக். ஐந்தடி நாலங்குல உயரம். 'முரடன்' என்று பொருள்படும் 'புரூட்' என்பது அவருடைய பட்டப்பெயர். பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரலாகி, 1984 இல் தன் அனுபவங்களை 'ஃபர்ஸ்ட் டு ஃபைட்' என்ற நூலாக எழுதினார். 2008 இல் காலமானார்.

அவர் சொல்லும் முதல் சம்பவம் வண்டிக்கு முந்தியது. 1937 இல் இளம் லெப்டினன்டாக ஷங்காயில் இருந்தபோது ஜப்பானியப் படை சீனாவில் தரையிறங்குவதைப் பார்க்கிறார். அவர்களுடைய படகுகளின் முன்பக்கம் கதவுபோலக் கீழே விழுகிறது, சிப்பாய்கள் அதன்மேல் ஓடி இறங்குகிறார்கள். அமெரிக்கப் படையிடம் அப்படி ஒன்றும் இல்லை. படம் எடுத்து, வரைந்து, அறிக்கை எழுதி அனுப்புகிறார். இரண்டு வருடம் கழித்து வாஷிங்டனுக்கு வந்து தேடினால், அறிக்கை ஒரு கோப்புக்குள் தூங்குகிறது. ஓரத்தில் யாரோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள்: சீனாவில் இருக்கும் ஏதோ ஒரு பைத்தியக்காரனின் வேலை என்று.

அரச அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்த எவருக்கும் இது புதிதல்ல.

க்ருலக் வீட்டுக்குப் போய்ப் படகின் மாதிரியொன்றைத் தன் கையால் செய்து, ஜெனரல் ஹொலண்ட் ஸ்மித்திடம் கொண்டுபோய்க் காட்டினார். அதன் பிறகுதான் அந்த விடயம் நகர்ந்தது. அந்தத் தொடர்பில்தான் ரோப்ளிங்கின் வண்டியைப் பரீட்சிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. 1940 நவம்பரில் இராணுவத்துக்கென்று செய்த அலிகேட்டர் வேர்ஜீனியாவிலுள்ள குவான்டிகோ முகாமுக்கு வந்தது. 120 குதிரைவலுவுள்ள லிங்கன் கார் எஞ்சின். க்ருலக்கும் அவருடன் இருந்தவர்களும் முதலில் ஆற்றில் ஓட்டினார்கள். பிறகு புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்திலுள்ள கூலெப்ரா என்ற சின்னத் தீவுக்குக் கொண்டுபோய்க் கடலில், அலையில், முருகைக்கல்லின்மேல் ஓட்டினார்கள்.

கூலெப்ராவில் நடந்ததுதான் அவர் நினைவுகளில் நமக்கு மிகப் பிடித்த பகுதி. அட்மிரல் ஏர்னஸ்ட் கிங் அங்கே வந்திருந்தார். பின்னர் போர்க்காலம் முழுவதும் அமெரிக்கக் கடற்படையை நடத்தியவர், கோபத்துக்குப் பேர்போனவர். வண்டியை அவருக்குக் காட்டும்படி இளம் கெப்டனுக்கு உத்தரவு. அட்மிரல் மடிப்புக் குலையாத வெள்ளைச் சீருடையோடு ஏறுகிறார். நேரமில்லை, கெதியாகக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். க்ருலக்கோ முருகைக்கல்லில் வண்டி எப்படி ஏறும் என்பதையும் காட்டிவிட ஆசைப்படுகிறார். பாறையில் ஏறியதும் செயின் கழன்றுவிட்டது. வண்டி நின்றுவிட்டது. அட்மிரல் பொறுமையிழந்து, வெள்ளைச் சீருடையோடு கடலில் குதித்து, தண்ணீருக்குள் நடந்தே கரைக்குப் போனார். போகிற போக்கில் அந்தக் கெப்டனுக்குச் சொன்ன வார்த்தைகள் இனிமையானவை அல்ல.

இது வெறும் சிரிப்புக் கதையல்ல. அட்மிரல் நனைந்த அந்த இடத்தில்தான் வண்டியின் பலவீனமும் வெளியே தெரிந்தது. அலுமினியம் முருகைக்கல்லுக்குத் தாங்காது. உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்து செயினின் மூட்டுகளைத் தின்றுவிடுகின்றன. க்ருலக்கின் குழு இதை மறைக்காமல் எழுதியது. வண்டி நல்லது, ஆனால் உருக்கினால் செய்ய வேண்டும் என்பதே முடிவு. பெரிய மனிதர் முன்னால் மானம் போன பரீட்சை, பின்னால் எத்தனையோ பேரின் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

உருக்கு வண்டிகளைச் செய்யும் வேலை புளோரிடாவின் டனீடின் என்ற சிற்றூரிலுள்ள தொழிற்சாலைக்குப் போனது. தோடம்பழத் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்துகொண்டிருந்த ஃபூட் மெஷினரி என்ற கம்பெனி அது. 1941 மே மாதத்திலேயே மேஜர் வில்லியம் டேவிஸின் கீழ் மரைன்களின் சிறு பிரிவொன்று அங்கே வந்து தங்கியது. ஜூலையில் முதல் வண்டி வெளியே வந்ததும் அதைக் கடலில் இறக்கி ஓட்டி, உடைந்ததைத் திருத்தி, மற்றவர்களுக்கும் பழக்கியவர்கள் அவர்கள்தான். தோடம்பழ இயந்திரம் செய்த தொழிலாளியும் அதுவரை இப்படியொரு வண்டியைக் கண்டிராத சிப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள். அந்த முதல் வகையில் 1,225 வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடியும்போது எல்லா வகையும் சேர்த்து 18,000 க்கும் அதிகம்.

1942 ஓகஸ்டில் குவாடல்கனால் தீவில் இந்த வண்டிகள் சாமான் ஏற்றும் வேலைதான் செய்தன. தண்ணீரிலிருந்து காட்டுக்குள் நேரே உணவும் ரவையும் கொண்டுபோயின. அவற்றை ஆற்றில் நிறுத்தி மேலே பலகை போட்டுப் பாலமாகவும் பாவித்தார்கள். சுடுகிற எதிரியை நோக்கி ஆட்களை ஏற்றிப்போக இதைப் பாவிக்கலாம் என்று அப்போது பலரும் நினைக்கவில்லை.

அந்தச் சோதனை 1943 நவம்பர் 20 இல் தராவாவில் வந்தது. பீட்டியோ என்ற தீவு. நீளம் ஏறத்தாழ இரண்டு மைல், அகலம் அரை மைல்கூட இல்லை. கொரியக் கூலிகளோடு சேர்த்து ஏறத்தாழ 4,800 பேர் அதைக் காத்து நின்றார்கள். சுற்றிவர முருகைக்கல். சாதாரண இறங்கு படகு மிதக்க ஏறத்தாழ நான்கடித் தண்ணீர் வேண்டும். தராவாவில் பதினைந்து வருடம் வாழ்ந்த மேஜர் ஃபிராங்க் ஹொலண்ட் என்பவர், அந்த நாட்களில் பாறைமேல் மூன்றடித் தண்ணீர்கூட இருக்காது என்று எச்சரித்தார்.

நம் மீனவர்களுக்கு இது விளங்கும். பிறை பாதியாக இருக்கும் நாட்களில் கடல் பெருக்கு குறைவு. அன்று தேய்பிறைப் பாதி. அத்தோடு சந்திரன் பூமியிலிருந்து தூரத்தில் இருந்த நாட்கள் அவை. இரண்டும் சேர்ந்ததால் கடல் ஏறவேயில்லை. இதை வானியல் கணக்குப்படி விளக்கிய ஆய்வு வெளிவந்தது 1987 இல்தான். ஹொலண்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவருக்கு அந்தக் கடல் தெரியும்.

திட்டமிட்ட அதிகாரி டேவிட் ஷூப். வண்டிப் பட்டாலியனின் தலைவர் மேஜர் ஹென்றி ட்ரூஸ். சாமான் வண்டியை ஆள் ஏற்றும் வண்டியாக்க வேண்டும் என்று முடிவானபோது படை நியூசிலாந்தில் இருந்தது. வண்டிகளில் கவசம் கிடையாது, துப்பாக்கி ரவை துளைத்துவிடும். வெலிங்டன் நகரில் கொதிகலன் செய்யும் இரும்புத் தகடு தேடி எடுத்து வண்டிகளின் முன்பக்கம் பொருத்தினார்கள். அவற்றில் பல குவாடல்கனாலில் அடிபட்டுத் தேய்ந்த பழைய வண்டிகள். ஓடக்கூடியவை 75 தான் தேறின. மேலும் 50 புதியவற்றை ஜெனரல் ஹொலண்ட் ஸ்மித் கடற்படையோடு சண்டை பிடித்துப் பெற்றார். வண்டி இல்லையென்றால் தாக்குதலும் இல்லை என்று அவர் ஒற்றைக் காலில் நின்றதாக வரலாறு.

அன்று காலை முதல் மூன்று அலையும் வண்டிகளில் போயின. பாறையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, பெரும்பாலானவை கரையைத் தொட்டன. கூலெப்ராவில் அட்மிரலை ஏற்றிக்கொண்டு ஏற முடியாமல் நின்ற அதே மாதிரியான பாறை. ஆனால் பின்னால் சாதாரணப் படகில் வந்தவர்கள் பாறையில் முட்டி நின்றார்கள். 500 யாருக்கும் மேற்பட்ட தூரம், இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணீரில், துப்பாக்கிகளுக்கு நேரே நடந்தார்கள். கரையைத் தொட்ட வண்டிகள் அவர்களை ஏற்றத் திரும்பிப் போயின. ரவை துளைத்த ஓட்டைகளோடு ஆழத்துக்குப் போன பல அங்கேயே தாழ்ந்தன. மேஜர் ட்ரூஸ் அன்று கொல்லப்பட்டார். 76 மணித்தியாலம் நடந்த சண்டையின் முடிவில் 125 வண்டிகளில் 35 தான் ஓடும் நிலையில் இருந்தன. அமெரிக்கத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவைக் காத்தவர்களில் உயிரோடு பிடிபட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் 17 பேர், கொரியக் கூலிகள் 129 பேர். அந்தக் கொரியர்கள் தங்கள் விருப்பத்தோடு வந்தவர்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

தராவாவுக்குப் பிறகு மரைன்களின் பெரிய தரையிறக்கங்களில் இந்த வண்டி முக்கிய இடம் பிடித்தது. கவசம் கூடியது, பீரங்கி ஏறியது. 1950 இல் கொரியாவின் இஞ்சோனில் இறங்கியது. 1970 களில் வந்த புதிய தலைமுறை வண்டி 2003 இல் ஈராக்கின் நாசிரியா ஊடாகவும் போனது. அந்தப் போரைப் பற்றி நமக்கு இருக்கும் வேதனை எல்லோருக்கும் தெரிந்ததே, இங்கே விரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி அடித்தபோது, மிசிசிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட்டில் இருந்த மரைன் தொண்டர் படை இதே வகை வண்டிகளை வெளியே எடுத்து, வெள்ளத்தில் சிக்கிய மக்களை ஏற்றியது. டொனால்ட் ரோப்ளிங் எதற்காக 1933 இல் சுத்தியலைத் தூக்கினாரோ, அந்த வேலை.

இனிச் சொல்லப்போவது பலருக்குத் தெரியாதது. 2020 ஜூலை 30 ஆம் திகதி, கலிபோர்னியாவுக்கு அப்பால் சான் கிளமென்டே தீவருகில் பயிற்சி முடித்துக் கப்பலுக்குத் திரும்பிய வண்டியொன்றுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. உள்ளே 16 பேர். சண்டை இல்லை, எதிரி இல்லை, சாதாரணப் பயிற்சி. முதலில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த அளவிலேயே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. உத்தரவு வரப் பிந்தியது. இயந்திரக் கோளாறு ஒன்றன்பின் ஒன்றாக வர, உள்ளே வந்த தண்ணீரை இறைத்துத் தள்ளப் பம்புகளால் முடியவில்லை. உதவிக்கு வந்த இன்னொரு வண்டி இடிபட்டு, மூழ்கும் வண்டி அலைக்குப் பக்கவாட்டில் திரும்பியது. திறந்த மேல்கதவால் ஓர் அலை உள்ளே பாய்ந்தது. 385 அடி ஆழம். எட்டு மரைன்கள், ஒரு கடற்படை மருத்துவ உதவியாளர், ஒன்பது இளைஞர்கள்.

விசாரணை அறிக்கை வெளிவந்தது. வண்டிகள் மோசமான நிலையில் அந்தப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. தண்ணீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சியைச் சிலர் முழுமையாக முடித்திருக்கவில்லை. பக்கத்தில் பாதுகாப்புப் படகு நிற்கவில்லை. 1941 இல் சிறு குழுவொன்று கூலெப்ராவில் ஒவ்வொரு செயின் மூட்டையும் பார்த்து எழுதியது. எண்பது வருடத்துக்குப் பிறகு, பணமும் தொழில்நுட்பமும் பெருகிய காலத்தில், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கடலில் இறக்கியிருக்கிறார்கள். இடையில், தண்ணீரில் வேகமாகப் பாயும் புதிய வண்டியொன்றுக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் செலவழித்து, 2011 இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டிருந்தார்கள். பழைய வண்டியின் நீர்க்கசிவை அடைக்கும் இறப்பருக்கு அதில் எத்தனை சதம் போயிருக்கும் என்று இறந்தவர்களின் பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

2021 டிசம்பரில் மரைன் படை உத்தரவிட்டது: அவசர நிலை தவிர இந்த வகை வண்டியை இனித் தண்ணீரில் இறக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வந்தது சக்கரம் பூட்டிய, செயின் இல்லாத புதிய வண்டி. 2022 ஜூலையில் கலிபோர்னியாக் கரையில் பெரிய அலையில் அப்படி இரண்டு வண்டிகள் செயலிழந்தன. ஒருவருக்கும் காயமில்லை. அதன் கடல் ஓட்டத்தையும் உடனே நிறுத்திவைத்து, காரணம் தேடத் தொடங்கினார்கள்.